பார்த்தது எப்போது?



பள்ளி வேலைகளுக்கிடையே நீண்ட நாள்களாக இப்பக்கத்தில் எதுவும் எழுத இயலவில்லை. 'என்ன ஆசிரியரே, எழுதுவதை நிறுத்திவிட்டீர்களா?' என்று நண்பர்கள் சிலர் அன்போடு கடிந்துகொண்டனர். எழுதப் பொருள் இல்லாமல் இல்லை. எழுத வேண்டிய செய்தி ஒன்று 2023ஆம் ஆண்டிலிருந்தே மனத்தில் கிடக்கிறது. அது என் தவற்றைப் பற்றியது என்பதால்தான் கை தயங்கியது. இன்று எழுதிவிடுகிறேன்.

இதில் கணினி வலையமைப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அஞ்ச வேண்டாம். நானும் கணினிப் பொறியாளன் அல்லன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தமிழும் கற்பித்தலும் பயின்று வந்தவன். பள்ளியில் 'உங்களுக்குத்தான் கணினி கொஞ்சம் தெரியுமே' என்று சொல்லிப் பொறுப்பைத் தலையில் வைத்தார்கள். சிறிய தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றுவோருக்கு இஃது எப்படி நடக்கும் என்பது நன்றாகவே தெரியும்!

எங்கள் கணினி அறையில் இருபது கணினிகள். அவற்றுக்கெல்லாம் பொதுவாக, லினக்ஸ் இயங்கும் பழைய கணினி ஒன்றை வழங்கியாக வைத்திருந்தேன். கோப்புகளைக் காப்பதும் இணையத்தைப் பகிர்ந்தளிப்பதும் அதன் வேலை. 'இணையம் இருக்கிறதா, இல்லையா?' என்று ஆசிரியர்கள் அடிக்கடி என்னைத் தேடி வந்ததால், அந்த நிலையை ஆசிரியர் அறையிலுள்ள ஒரு திரையில் காட்டலாம் என்று எண்ணினேன். அதற்காக வழங்கியில் 'நெட்-எஸ்.என்.எம்.பி' என்னும் கட்டற்ற மென்பொருளை நிறுவினேன்.

எஸ்.என்.எம்.பி என்பது வலையமைப்புக் கருவிகளை நலம் விசாரிப்பதற்கான ஒரு நெறிமுறை. 1988இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. இன்றும் ரௌட்டர், அச்சுப்பொறி, வழங்கி எனப் பலவற்றிலும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. இதில் இரண்டு தரப்பினர். கேள்வி கேட்பவர் மேலாளர். கருவிக்குள் அமர்ந்து பதில் சொல்பவர் முகவர். 'எத்தனை நாளாய் இயங்குகிறாய்?', 'எவ்வளவு தரவு உள்ளே வந்தது?' என்று மேலாளர் கேட்பார். முகவர் கருவியைப் பார்த்துப் பதில் சொல்வார். நெட்-எஸ்.என்.எம்.பி இத்தகைய முகவரைத் தரும் மென்பொருள்களுள் ஒன்று. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து நிரலிலிருந்து கிளைத்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் வளர்ந்து, 2000ஆம் ஆண்டு வாக்கில் இப்பெயரைப் பெற்றது.

இனி, இக்கதையின் முடிச்சுக்கு வருவோம். முகவர் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வதில்லை.

பள்ளி நடைமுறையோடு ஒப்பிட்டால் இஃது எளிதில் விளங்கும். காலையில் ஒவ்வொரு வகுப்பிலும் வருகைப் பதிவு எடுக்கிறோம். பதினொரு மணிக்குக் கல்வி இலாகாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, 'இன்று எத்தனை மாணவர்கள் வந்திருக்கிறார்கள்?' என்று கேட்கிறார். அலுவலகப் பணியாளர் வகுப்பு வகுப்பாக ஓடி எண்ணிவிட்டு வருவாரா? மாட்டார். காலைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணைச் சொல்வார். இதில் தவறில்லை. ஒவ்வோர் அழைப்புக்கும் ஓடினால் வேறு வேலை நடக்காது, வகுப்புகளுக்கும் இடையூறு.

முகவரும் அப்படித்தான் செய்கிறார். லினக்ஸில் 'புரோக்' என்றோர் அடைவு உண்டு. அங்குள்ள கோப்புகள் வட்டில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. யாராவது திறந்து படிக்கும் நேரத்தில்தான் கெர்னல் அவற்றை ஆக்கித் தருகிறது. வலைத் தொடர்புப் பட்டியல் போன்ற நீண்ட பட்டியலை மேலாளர் கேட்கும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு கேள்வியாகவே கேட்க நேரலாம். ஆயிரம் வரிகளுக்கு ஆயிரம் முறை முழுப் பட்டியலையும் படித்தால் நலம் விசாரிக்க வந்தவரே நோயாகிவிடுவார்! ஆகவே முகவர் ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்கிறார். குறித்த சில வினாடிகளுக்கு அதிலிருந்தே பதில் தருகிறார். காலம் கடந்தபின் வரும் கேள்விக்கு மீண்டும் படிக்கிறார். இதனைக் 'கேஷ்' என்பார்கள். நான் 'கையிருப்பு' என்றே சொல்ல விரும்புகிறேன். கையில் இருப்பதைக் கொடுப்பதுதானே!

கையிருப்பால் இன்னொரு நன்மையும் உண்டு. பட்டியலின் எல்லா வரிகளும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவையாக இருக்கும். முதல் வரி ஒரு வினாடியிலும் கடைசி வரி பத்து வினாடி கழித்தும் எடுக்கப்பட்டால் அந்தப் பட்டியல் எந்த நேரத்தையும் சரியாகக் காட்டாது.

ஆனால் விலை ஒன்று கொடுக்க வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவரும் போடக்கூடிய ஒரு கணக்கைப் பாருங்கள். முகவர் 30 வினாடிக்கு ஒருமுறைதான் கையிருப்பைப் புதுப்பிக்கிறார். நாமோ 10 வினாடிக்கு ஒருமுறை 'இதுவரை எவ்வளவு தரவு வந்தது?' என்று கேட்கிறோம். இரண்டு முறை பழைய எண்ணே கிடைக்கும். கழித்துப் பார்த்தால் 0. மூன்றாம் முறை அரை நிமிடத்துத் தரவு முழுவதும் ஒரேயடியாக வந்து நிற்கும். வரைபடத்தில் 0, 0, மூன்று மடங்கு. மீண்டும் 0, 0, மூன்று மடங்கு. வலையமைப்பு சீராக ஓடிக்கொண்டிருக்க, வரைபடம் மட்டும் காய்ச்சல் கண்டதுபோல் துள்ளும். ஓர் எண்கூடப் பொய்யன்று. ஆனால் படம் முழுவதும் பொய்.

இதையெல்லாம் நான் பின்னர்தான் கற்றேன். தவறு செய்த நாளில் எனக்கு இவ்வளவு தெரியாது.

வெளியுலக இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். வெளியே உள்ள ஒரு முகவரிக்குப் பத்து முறை 'பிங்' அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்க்கும். வினாடிக்கு ஒன்றாக அனுப்புவதால் ஏறத்தாழ ஒன்பது வினாடிகள் பிடிக்கும். நெட்-எஸ்.என்.எம்.பியில் 'எக்ஸ்டெண்ட்' என்னும் கட்டளை உண்டு. நாம் எழுதிய நிரலை முகவரிடம் ஒப்படைத்து, அதன் விடையை மேலாளருக்குச் சொல்லும்படி செய்யலாம். நானும் அப்படியே ஒப்படைத்தேன்.

உடனே சிக்கல் எழுந்தது. கேள்வி கேட்கும் நிரல் ஒரு வினாடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் மேலும் ஐந்து முறை கேட்கும். பிறகு 'பதில் இல்லை' என்று கைவிட்டுவிடும். ஆக மொத்தம் ஆறு வினாடிகள். என் நிரலுக்கோ ஒன்பது வினாடிகள் வேண்டும். திரை அடிக்கடி பிழை காட்டியது. ஆசிரியர்கள் சிரித்தார்கள்.

கையேட்டைப் புரட்டினேன். 'எக்ஸ்டெண்ட்' வழியாக வரும் விடைகளுக்கும் கையிருப்புக் காலம் உண்டு. இயல்பாக அது 5 வினாடி. நாம் விரும்பினால் மாற்றலாம். நான் அதை 1800 வினாடியாக, அதாவது அரைமணி நேரமாக மாற்றினேன். அற்புதம்! கேட்டவுடன் பதில் வந்தது. அரைமணிக்கு ஒருமுறை ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தவறும். அடுத்த நிமிடம் சரியாகிவிடும். அத்தகைய தருணங்களில் பழைய நிலையையே வைத்திருக்கும்படி திரைக்கு நிரல் எழுதிவிட்டேன். பிழைச் செய்தி மறைந்தது. தலைமையாசிரியர்கூடப் பாராட்டினார்.

திரையில் இரண்டு வரிகள் தெரியும். முதல் வரி: 'இணைப்பு உள்ளது'. இரண்டாம் வரியில் நேரம். திரை நிமிடத்துக்கு ஒருமுறை முகவரைக் கேட்கும். கேட்ட நேரத்தை அங்கே எழுதும். கேட்ட நேரத்தை மட்டும்தான். பார்த்த நேரத்தை அன்று. இந்த வேறுபாடு அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு புதன்கிழமை. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இணையப் பயிற்சியை முடிக்காமல் வைத்திருந்தான். வேலைகளை முடிக்காமல் ஏதேனும் காரணம் சொல்பவன் என்று நான்காம் ஆண்டிலேயே பெயர் வாங்கியவன். ஓய்வு நேரத்தில் கணினி அறையில் அமர்ந்து முடிக்கச் சொல்லிவிட்டு, நான் ஆசிரியர் அறைக்கு வந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். சிறிது நேரத்தில் வாசலில் வந்து நின்றான்.

"ஐயா, இணையம் வரவில்லை."

நான் திரையைப் பார்த்தேன். 'இணைப்பு உள்ளது. 10:20.' கைக்கடிகாரத்திலும் 10:20.

"இங்கே பார் தம்பி. இணைப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறதே. நீ பொய் சொல்லலாம். கணினி பொய் சொல்லுமா?"

அருகில் இருந்த ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மறுபேச்சுப் பேசாமல் போய்விட்டான். மணி அடித்த பிறகு நான் போய்ப் பார்த்தபோது, கணினியில் படம் வரைந்துகொண்டிருந்தான். பயிற்சி அப்படியே கிடந்தது. எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அவனுடைய குறிப்பேட்டில், 'இணையம் இல்லை என்று பொய் கூறிப் பயிற்சியைத் தவிர்த்தான். கண்டிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி, தாயாரின் கையொப்பம் வாங்கிவரச் சொன்னேன்.

மறுநாள் பிற்பகல், அலுவலகப் பணியாளர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். "நேற்று ஓய்வு நேரம் முழுக்க இணையம் இல்லை சார். இலாகாவுக்குப் பாரத்தை ஏற்ற முடியாமல் காத்திருந்தேன்."

என் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டது. ரௌட்டரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 10:12க்கு இணைப்பு துண்டிப்பு. 10:31க்கு மீண்டும் இணைப்பு. என் நிரல் கடைசியாக வெளியே பார்த்தது 10:05 மணிக்கு. அதற்கடுத்துப் பார்த்தது 10:35க்கு. பத்தொன்பது நிமிடங்கள் அறுந்து கிடந்த இணைப்பு, இரண்டு பார்வைகளுக்கு நடுவில் முழுவதுமாக மறைந்து போயிருந்தது. 10:20க்குத் திரையில் நான் கண்டது கால்மணி நேரத்துக்கு முந்தைய உண்மை. அதன்மேல் 10:20 என்ற புது முத்திரையைக் குத்தியவன் நான்.

அந்த நேரத்தில் இணையத்தை நேரில் பார்த்துக்கொண்டிருந்தவன் அந்தச் சிறுவன் ஒருவனே. அவனைத்தான் நான் நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவனுடைய தாயார் பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து, வீட்டுக்கும் போகாமல் நேரே வந்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார்.

"சத்தியமா இணையம் இல்லம்மான்னு அழுதான் சார். நான்தான் நம்பல. சார் எழுதிக் கொடுத்திருக்காரே, அவர் பார்க்காமலா எழுதுவாருன்னு ரெண்டு அடி வச்சிட்டேன்."

பார்க்காமலா எழுதுவார்! இந்தச் சொல் இன்றுவரை என்னை விடவில்லை. நிரல் 10:05க்குப் பார்த்ததை முகவர் சொன்னார். முகவர் சொன்னதைத் திரை சொன்னது. திரை சொன்னதை நான் எழுதினேன். நான் எழுதியதைத் தாய் நம்பினார். கைமாறிய ஒவ்வோர் இடத்திலும் அந்தச் செய்தியின் வயது கூடியது. நம்பகமும் சேர்ந்து கூடியது. கடைசியில் அடி வாங்கியவன் ஒரு பதினொரு வயதுப் பிள்ளை.

"அம்மா, தவறு என்னுடையது. அன்று உண்மையாகவே இணையம் இல்லை. உங்கள் மகன் உண்மையைத்தான் சொன்னான்" என்றேன். அவர் என்னைச் சினந்து பேசியிருந்தால்கூட எளிதாக இருந்திருக்கும். எதுவும் பேசவில்லை. மகனைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். வகுப்பிலிருந்து அழைத்து வரச் சொன்னேன். தாயும் மகனும் நடைவழியில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆசிரியர் அறையில் பலர் முன்னிலையில் அவனைத் தாழ்த்தியதால், அதே அறையில், அதே ஆசிரியர்கள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுடைய குறிப்பேட்டில் சிவப்பு எழுத்துகளின் கீழே, 'மேற்கண்டது தவறு. மாணவன் கூறியது உண்மை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவன் அதைப் படித்துவிட்டு, "ஐயா, அந்தப் பயிற்சியை இன்றைக்கு முடிக்கட்டுமா?" என்று கேட்டான். நான் எதிர்பார்த்திருந்த சொல் அதுவன்று.

அன்று மாலையே அமைப்பை மாற்றினேன். கையிருப்பைத் தூக்கி எறியவில்லை. காலத்தை -1 என்று வைத்தால் கையிருப்பே இல்லாமல் ஒவ்வொரு முறையும் நிரலை ஓடவிடலாம். ஆனால் அது பழைய சிக்கலையே திரும்பக் கொண்டுவரும். அதற்கு மாறாக, பார்க்கும் வேலையையும் பதில் சொல்லும் வேலையையும் பிரித்தேன். இணைப்பைச் சோதிக்கும் நிரல் இப்போது தானாக நிமிடத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. விடையையும், சோதித்த நேரத்தையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறது. கேள்வி வரும்போது முகவர் அந்தக் கோப்பை மட்டும் படித்துச் சொல்கிறார். நொடியில் முடிந்துவிடும் வேலை. கையிருப்புக் காலத்தை மீண்டும் 5 வினாடியாக்கினேன்.

இதைவிட முக்கியமான மாற்றம் திரையில். 'கேட்ட நேரம்' என்பதை எடுத்துவிட்டுப் 'பார்த்த நேரம்' என்பதைப் போட்டேன். பார்த்து மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தால், 'உள்ளது' என்றும் சொல்லாது, 'இல்லை' என்றும் சொல்லாது. 'தெரியவில்லை' என்று மஞ்சள் நிறத்தில் காட்டும். சோதிக்கும் நிரலே நின்றுபோனாலும் பழைய விடை புதியதுபோல் வேடமிட முடியாது.

எஸ்.என்.எம்.பியை வகுத்தவர்கள் இதை முன்பே எண்ணியிருக்கிறார்கள் என்பது பின்னர் படித்தபோது தெரிந்தது. 1991இல் வெளிவந்த அதன் அடிப்படைப் பட்டியலில், ஓர் இணைப்பு 'இயங்குகிறதா?' என்னும் வினாவுக்குப் பக்கத்திலேயே 'இந்த நிலைக்கு எப்போது வந்தது?' என்னும் இன்னொரு வினாவும் இருக்கிறது. நிலையைக் கேட்பவர் காலத்தையும் கேட்க வழி வைத்திருக்கிறார்கள். கேட்காதவன் நான்.

ஆசிரிய நண்பர்களே, நம்மிடமும் இத்தகைய கையிருப்புகள் ஏராளம். நாற்பது பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் புதிதாய் அறிந்துகொள்வது இயலாத செயல். ஆகவே 'இவன் கெட்டிக்காரன்', 'இவளுக்குக் கணிதம் வராது', 'இவன் காரணம் சொல்பவன்' என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டு, அதிலிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். வகுப்பு மாறும்போது அதை அடுத்த ஆசிரியரிடம் ஒப்படைக்கிறோம். அந்தச் சிறுவனைப் பற்றி நான் வைத்திருந்த கருத்து நான்காம் ஆண்டு ஆசிரியர் சொன்னது. அது எப்போது பார்த்தது என்று நான் கேட்டதில்லை. பின்னர் விசாரித்தேன். நான்காம் ஆண்டின் தொடக்கத்தில், அவன் வீட்டில் நெருக்கடியான காலம் ஒன்று இருந்திருக்கிறது. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தது அந்தச் சில வாரங்களில்தான். பிள்ளை அதைக் கடந்து வந்துவிட்டான். எங்கள் கையிருப்புதான் கடந்து வரவில்லை.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, வகுப்பறை மதிப்பீடும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குப் பேசுகிறது. அடைவுநிலை 1 முதல் 6 வரை எதையேனும் ஒன்றை எழுதுகிறோம். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், அதைக் கண்ட நாளையும் என் குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை அன்றுமுதல் மேற்கொண்டுள்ளேன். அறிக்கை எழுத அமரும்போது, கண்டு நெடுநாள் ஆகிவிட்டதென்றால் அந்தப் பிள்ளையை அழைத்து ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். பல நேரங்களில் எண் மாறிவிடுகிறது. சில நேரங்களில் கீழேயும் இறங்குகிறது; அதையும் அறிந்துகொள்ளத்தானே வேண்டும்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ஆசிரியர் எழுதி அனுப்புவதை நம்புங்கள். நம்பிக்கை இல்லாமல் பள்ளி நடக்காது. ஆனால் கையை ஓங்குமுன், 'இதை எப்போது பார்த்தீர்கள், ஐயா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நல்ல ஆசிரியர் யாரும் அதற்காக வருந்தமாட்டார். நான் நிச்சயம் வருந்தமாட்டேன்.

ஆசிரியர் அறையில் அந்தத் திரை இன்றும் இருக்கிறது. சில நாள்களில் மஞ்சள் நிறத்தில் 'தெரியவில்லை' என்று காட்டும். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், "என்ன சார், உங்கள் கணினிக்கே தெரியவில்லையாமே!" என்று கேலி செய்தார்.

"ஆமாம், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லி எழுந்தேன்.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்